பச்சோந்தியை நோய் பார்க்க வந்தவர்கள்

மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போனபோது தன் பச்சோந்தியை எங்களிடம் விட்டுப் போனாள். நான் கூட்டுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் அது சாப்பாட்டை நிறுத்திக் கறுத்துப் போனது. மகளுக்கு வெறுங்கூட்டைக் காட்ட நேருமோ என்று பயந்தேன்.

பயத்தை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடையில் சொல்லிவிட்டேன். மாலையே நோய் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒருவர் திராட்சைப்பழம் கொண்டுவந்தார். எல்லோரும் கூட்டுக்குள் குனிந்து பார்த்தார்கள்.

"நல்லா மெலிஞ்சிட்டார் அண்ணை," என்றார் கீழ்வீட்டுக்காரர். அவர் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

மறுநாள் மிருக வைத்தியர் சோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்றார். யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தப் பிராணி பயந்து சாப்பிடாதாம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கூட்டின் மூன்று பக்கமும் பழைய சேலையைக் கட்டினாள். கதிரை குசினிக்கு, அடுப்புப் பக்கம் போனது. இரண்டு நாளில் உள்ளே விட்ட வெட்டுக்கிளிகளைக் காணவில்லை.

கீழ்வீட்டுக்காரர் திரும்பவும் வந்தார். "இப்ப சாப்பிடுறாரோ?"

"ஓம், சாப்பிடுறார்," என்றாள் மனைவி. "இவரைத்தான் அங்கால கூட்டடிக்குப் போகவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறன்."