புது முதலாளி, புதுச் சட்டை

பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் ஓசூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கையில் இங்கிலீஷ் பேப்பர். விளையாட்டுப் பக்கத்தில், தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் இங்கிலாந்து கால்பந்து கிளப் ஆட்டக்காரர்களின் படம். பக்கத்தில் நிற்கும் பெண் அதை எட்டிப் பார்க்கிறார். பெயர் செல்வி, ஊர் தருமபுரி, கார்மென்ட்ஸில் தையல் வேலை.

"இந்தச் சட்டை நாங்க தச்சது சார். பேப்பர்ல என்னா போட்டிருக்கான்?"

"மறுபடியும் தோல்வி. முதலாளி கண்டபடி செலவு பண்ணி ஆட்களை வாங்கினாராம். இப்போ கிளப்பையே விக்கிறாராம். ரசிகருங்க வாசல்ல நின்னு அழறாங்க."

செல்வியின் முகம் மலர்கிறது. "நெஜமா விக்கிறானா சார்?"

"இதுல என்னம்மா சந்தோஷம்?"

"புது ஓனர் வந்தா கலர மாத்துவான், முத்திரைய மாத்துவான். அத்தினி சட்டையும் புதுசா தைக்கணும். இப்ப ஆர்டர் இல்லன்னு பாதிப் பேர நிறுத்தப் போறாங்க. எம்பேரும் இருக்குது."

அழும் ரசிகர்களை விட்டுவிட்டு நானும் உடனே கட்சி மாறுகிறேன். பேப்பரை அவரிடமே கொடுக்கிறேன். அதை டிபன் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வந்து நின்ற கம்பெனி வேனில் ஏறுகிறார்.

"ஏ மஞ்சு, கிளப்ப விக்கிறானாம்டி."

"ஹவுதா?" என்று உறுதிப்படுத்திக்கொள்கிறது உள்ளே ஒரு கன்னடக் குரல். அடுத்த நொடி வேன் முழுக்கக் கைதட்டல்.