டாக்டரம்மாவின் முப்பத்தோராம் நாள் முட்டை

கூட்டிலிருந்து முட்டையை எடுத்ததும் நுஸ்ரத் அதைத் தன் முன்பல்லில் இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார். கூர்ப்பக்கம் ஒரு தட்டு, மழுங்கல் பக்கம் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொள்வார். "கல்லு மாதிரி இருக்கு" என்பார். இல்லாவிட்டால், "இந்தக் கோழிக்கு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வைக்கணும்." நவ்ரூஸ் புத்தாண்டு நாளில் அவித்த முட்டையோடு முட்டையை மோதி உடைக்கும் ஆட்டத்தில் இஸ்ஃபாரா ஆற்றங்கரைத் தெரு முழுக்க அவரிடம் தோற்றிருக்கிறது. கெட்டியான முட்டை ஓடு எது என்று கண்டுபிடிக்கிற காது அவருக்குப் பல்லில் இருக்கிறது.

மின்கம்பம் ஏறுகிற வேலை. அவர் அப்பாவும் ஏறியவர்தான். அப்பாவின் தம்பி ரஹீம் மட்டும், உயரத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று ரொட்டி சுடப் போனார். ஒருமுறை ஏணி சறுக்கி நுஸ்ரத்தின் பல்லில் ஒரு மூலை பெயர்ந்தது. தங்கம் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி சவோதத். ஊரில் பாதி வாய் தங்கமாய் மின்னுகிறது. இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"தங்கப்பல்லு முகஸ்துதி பண்ணும், சவோதத். எதைத் தட்டினாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லும்."

பின்கட்டில், வாதுமை மரத்தடியில் ஆறு கோழிகள். மின்கம்பி சுற்றி வந்த பெரிய மர உருளையைப் பாதியாய் அறுத்துக் கூடு செய்திருக்கிறார். காலையில் பச்சைத் தேநீர் குடிக்கும்போதே வீட்டில் பந்தயம் தொடங்கிவிடும்: இன்று முதல் முட்டை யாருடையது? தோற்றவர் கிண்ணம் கழுவ வேண்டும். சின்ன மகள் நிகீனா கோழிகளுக்குப் பெயர் வைத்தவள். அழுக்கே ஒட்டாத வெள்ளைக்கோழிக்கு டாக்டரம்மா என்று பெயர். நிகீனாவைக் கிண்ணம் கழுவ வைப்பதில் டாக்டரம்மாவுக்குத் தனிப் பிரியம்.

மூத்தவள் ஷஹ்லோ மார்கழிக் குளிரில் புகுந்த வீட்டில் பிள்ளை பெற்றாள். பேரனைப் பார்க்கப் போன இடத்தில் நுஸ்ரத் வாயைத் திறந்தார். "நாப்பது நாளும் எம் பொண்ணுக்கு எங்க வீட்டு முட்டைதான். அன்னன்னைக்குப் போட்டது."

சம்பந்தியம்மா மவ்ஜுதாவுக்கு மேல்வரிசை முழுக்கத் தங்கம். அது தெரியச் சிரித்தாள். "பனி கொட்டுது, சம்பந்தி. நீங்க வாக்குக் குடுத்தது கோழிக்குத் தெரியுமா?"

இருபதாம் நாளுக்குள் ஐந்து கோழிகள் முட்டையை அநேகமாய் நிறுத்திவிட்டன. டாக்டரம்மா ஒருத்திதான் அவர் மானத்தைக் கட்டிக் காத்தாள். இடையில் அவள் ஓய்வெடுத்த நாட்களில் வேறொருத்தி மனமிரங்கி ஒன்று போட்டாள். முப்பத்தோராம் நாள் மதியம் வரைக்கும் கூடு காலி. அதற்கப்புறம் போய்ப் பார்த்தால் ஒரு முட்டை இருந்தது, வைக்கோல் எல்லாம் ஒட்டிக்கொண்டு.

பல்லில் தட்டினார். கண்ணைத் திறந்தார்.

"இது வெயில் பார்த்த கோழி போட்டதில்ல, சவோதத். பல்பு வெளிச்சத்துல போட்டது."

"சந்தையில வாங்கினேன்" என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமல். "அவங்க யாரு பல்லுல தட்டிப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

அந்த முட்டையை வெண்ணெயில் பொரித்து, ரொட்டியோடு அவரே சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். பிறகு டாக்டரம்மாவைத் தூக்கி, வாலுக்குக் கீழே இரண்டு விரலால் தடவினார். "வந்துட்டிருக்கு."

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நாற்பது நாளும் பொழுது சாய்ந்தபின் வெளியாள் நுழையக்கூடாது, பெண்ணைப் பெற்ற தகப்பனே ஆனாலும். வீட்டில் உட்கார்ந்து முட்டைக்குக் காத்திருந்தால், சம்பந்தி வீட்டுக்குப் போகிற ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நுஸ்ரத் கோழியைப் பஞ்சு வைத்துத் தைத்த அங்கிக்குள் வைத்துக் கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கினார்.

மவ்ஜுதா கதவைத் திறந்தாள். அங்கியின் கழுத்திலிருந்து சிவப்புக் கொண்டை எட்டிப் பார்த்தது.

"முட்டை எங்க, சம்பந்தி?"

"உள்ள இருக்கு."

"அங்கிக்குள்ளயா?"

"கோழிக்குள்ள."

உள்ளறையில் ஷஹ்லோ வாய்விட்டுச் சிரித்தது முன்னறை வரை கேட்டது. மவ்ஜுதா சிரிக்கவில்லை. அடுப்போரம் மெத்தை விரித்தாள். "உங்களுக்கு டீ ஊத்தறேன். டாக்டரம்மாவுக்கு என்ன வைக்க?"

"அவளை யாரும் பார்க்காம இருந்தாப் போதும்."

"பார்க்கல. ஆனா பொழுது சாய்ஞ்சபின்ன போட்டா அது நாளைக்கு முட்டை. இன்னிக்குக் கணக்குல சேர்க்க மாட்டேன்."

"சேர்க்காதீங்க" என்றார் நுஸ்ரத், ரொட்டியைப் பிட்டுக்கொண்டு.

சன்னல் கண்ணாடியின் உறைபனி சிவந்தது. மடியில் கோழி, நுஸ்ரத் மேல்தெருக் கம்பம் எப்படிச் சாய்ந்தது என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மவ்ஜுதா கோழியைப் பார்க்கவில்லை, சன்னலையே பார்த்தாள். சிவப்பு ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கியபோது டாக்டரம்மா பாதி எழுந்து நின்றாள். நுஸ்ரத் பேச்சை நிறுத்தாமல் ஒரு கையை அடியில் கொடுத்தார்.

கோழி கொக்கரித்த கொக்கரிப்பில் பேரன் விழித்து அழுதான். நுஸ்ரத் முட்டையைப் பல்லில் இரண்டு தரம் தட்டினார். ஆவி பறக்க அதை மவ்ஜுதாவிடம் நீட்டினார். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, அவரைப் போலவே அதைத் தன் மேல்வரிசைக்குக் கொண்டுபோனாள்.

நுஸ்ரத் அதில் இல்லை என்று தலையசைத்தார். பிறகு வாயைத் திறந்து, தங்கம் கட்டாத கீழ்ப்பல்லில் தட்ட வேண்டும் என்று தன் கீழ்ப்பல்லை ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டினார்.