மூடிய கைக்குள் பிசுக்கன்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. மழலை வகுப்பின் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், வாசல் காவலாளிக்கும் அவள் சோப்பு டீச்சர். பதினெட்டு வருடமாக ஒரே வகுப்பு, ஒரே பை. பை எப்போதும் இடது தோளில்தான் தொங்கும். உள்ளே படங்கள், நகவெட்டி, கைத்துண்டுகள், அரை டஜன் சோப்பு. அந்தக் கனத்தில் இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கிப்போய், நேராக நின்றாலும் எதையோ ஒட்டுக்கேட்பவள் போலவே தெரிவாள்.

வகுப்பறை கட்டிடத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் ஆறு குழாய்கள். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் வெங்காயம் வருகிற வலைப்பையில் ஒரு சோப்பு தொங்கும். கீழே விழுந்து தொலைய வழியில்லை. அது அவள் கண்டுபிடிப்பு. இருபது எண்ணுவதும் அவள் கண்டுபிடிப்புதான். ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாகச் சொல்லி முடிக்கிற வரை கையைத் தேய்க்க வேண்டும். அந்த வகுப்புக்கு எண்கள் இருபதோடு முடிந்தன. அதற்கு மேலே அடுத்த வருடப் பாடம்.

அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் உண்மையை வெறும் உடம்போடு வெளியே அனுப்பவும் மாட்டாள். ஒரு சட்டை, ஒரு தொப்பி மாட்டி, முடிந்தால் கையில் ஒரு குடையும் கொடுத்துத்தான் அனுப்புவாள். சுவரில் கிருமிப் படம் ஒன்று தொங்கியது. பச்சை நிறம், கோரைப்பல். பிள்ளைகள் அதைச் சட்டை செய்வதே இல்லை. ஐந்து வயதுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் காட்டுவது? ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் பிசுக்கனைப் பிறப்பித்தாள்.

பிசுக்கன் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் படுப்பான். ஈரமும் சூடும் இருந்தால் அவனுக்கு அரண்மனை. கை குலுக்கினால் வண்டி மாறி ஏறிக்கொள்வான். வாய்க்குள் போனால் வயிற்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவான். இதையெல்லாம் அவள் தாழ்ந்த குரலில், தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். இருபத்திரண்டு பேரும் தங்கள் நகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் ஆறு சோப்பும் நான்கே நாளில் கரைந்தன. வீட்டில் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான் என்று ஒரு அப்பா வாசலில் வந்து புலம்பிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பொத்தான் ஒரு கேள்வி கேட்டாள்.

பொத்தான் தையற்காரியின் மகள். வகுப்பிலேயே சின்ன உருவம், வட்ட முகம், அதனால் அந்தப் பெயர். முந்தின வருடம் வயிற்றுப்போக்கு வந்து நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, கிழிந்த துணியைத் தைத்தெடுத்த மாதிரி பிழைத்து வந்தவள். இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி பள்ளிக்கு அனுப்பிய அன்று தையற்காரி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சோப்பை நம்பித்தான் டீச்சர் விடறேன்" என்றாள். அன்றிலிருந்து அந்தக் குழந்தையின் வயிறு டீச்சரின் வயிற்றுக்குள் இருந்தது.

"டீச்சர், பிசுக்கனுக்கு அம்மா இருக்காளா?"

இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பாட்டி, மாமா, சித்தி, ஒரு பெரிய குடும்பமே கொடுத்திருக்கலாம். கதை சொல்கிறவர்களுக்கு ஒரு சபலம் உண்டு, கேட்கிற முகம் வாடினால் கதை நன்றாக இருக்கிறது என்று தோன்றும். "இல்ல கண்ணு" என்றாள் டீச்சர். "அவனுக்கு யாருமே இல்ல."

அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

மூன்றாவது வாந்தியை ஆயாவும் அவளும் சேர்ந்து துடைத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை கழுவுகிற கைகள். எண்ணிக்கை அவள் காதாலேயே கேட்கிறாள், ஒரு எண் தவறுவதில்லை. பிறகு எப்படி? இடைவேளையில் அவள் வெளியே போகாமல், ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று தொட்டியைப் பார்த்தாள்.

ஆறு ஆறு பேராக வந்தார்கள். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. சோப்பு வலையைப் புறங்கையில் தேய்த்தார்கள். மணிக்கட்டில் தேய்த்தார்கள். நுரை வழிந்தது, தண்ணீர் ஓடியது, எண்ணிக்கை ஒழுங்காக நடந்தது. ஆனால் ஒவ்வொரு வலது கையும் இறுக மூடியிருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மேலே நாலு விரலையும் பூட்டி, சின்னச் சின்ன முட்டிகளின் மேல் தண்ணீர் விழுந்து தெறித்தது. இருபது சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி மூடிய கையை வாயருகே கொண்டுபோய் எதையோ சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள்.

டீச்சர் வாசலை மறித்து நின்றாள்.

"கையை விரிச்சுக் காட்டு" என்றாள் முதலில் வந்தவனிடம்.

"முடியாது டீச்சர். விரிச்சா செத்துடுவான்."

"யாரு?"

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். கதையைச் சொன்னவளுக்கே கதை மறந்துவிட்டதே என்கிற இரக்கம்.

"பிசுக்கன்னு யாரும் இல்லப்பா. டீச்சர் சும்மா சொன்னேன்."

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "கேட்டுக்கிட்டிருக்கான். அப்புறம் அழுவான்."

வியாழக்கிழமை காலையில் அவள் தாள் கொடுத்து, மூடாத இடது கையால் பிசுக்கனை வரையச் சொன்னாள். படத்தில் அவனைப் பிடித்துவிட்டால் கையிலிருந்து கழற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காமலிருக்க நடுவில் பைகளை நிறுத்திவைத்தாள். தாள்களை வாங்கி மேசையில் பரப்பியபோது ஆயா எட்டிப் பார்த்தாள்.

எல்லாத் தாளிலும் ஒரே ஆள். நீளக் கழுத்து, மெல்லிய உடம்பு. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே.

"பார்த்து வரைஞ்சிருக்கும் டீச்சர்" என்றாள் ஆயா. "பரீட்சையிலயே காப்பி அடிக்கிற உலகம் இது."

அந்த நேரத்தில்தான் வாந்தி எடுத்து வீட்டிலிருந்த ஒரு பையனின் அப்பா விடுப்புக் கடிதத்தோடு வந்தார். மூன்று நாளாகப் பள்ளிக்கே வராத பையன். கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் கிறுக்கியிருந்தது. நீளக் கழுத்து, ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே.

ஆயா அந்தத் தாளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது டீச்சரம்மா. இது அசல் உங்க ஜாடை."

மாலை வாசலில் தையற்காரி காத்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, கண்ணில் தூக்கம் இல்லை.

"கையை மூடிக்கிட்டே தூங்குறா டீச்சர். பிரிக்கப் பார்த்தா தூக்கத்துலயே அலறுறா. பிஸ்கட் குடுத்தா பாதியை அந்தக் கைக்குள்ள திணிக்கிறா. காதுல வச்சுக் கேக்குறா. அப்புறம் மிச்சத்தை எடுத்து அவ தின்றா. அவன் தின்ன மிச்சமாம்."

"உள்ள நசுங்கித் தூளாயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். டேப் வச்சு அளந்தேன் டீச்சர். போகும்போது ஒண்ணரை இஞ்ச். வரும்போது ஒரு இஞ்ச். கையை உதறினா ஒரு பொடிகூட விழல." அவள் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அது போகட்டும். நாலு நாளாக் கழுவாத கை. அதுக்குள்ள இருந்ததைத்தான் தின்றா. இன்னைக்கு வயிறு லேசா வலிக்குதுங்கிறா."

அன்றிரவு டீச்சர் சாப்பிடவில்லை. "உன் முகத்துல ஈயாடலையே அக்கா, யாரு என்ன சொன்னா?" என்று வீட்டில் கூட இருக்கிற தங்கை இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மிஞ்சியது பதினெட்டுப் பேர். டீச்சர் நாற்காலியில் உட்காராமல் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். இரவெல்லாம் உட்கார்ந்து தைத்த சட்டை ஒன்றை உண்மைக்கு மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். தொட்டியின் அடியில் ஒரு குழாய் இருக்கிறது, அதன் வழியாகப் போனால் ஒரு ஆறு, அங்கே பிசுக்கனின் அம்மா காத்திருக்கிறாள், கையை விரித்து அனுப்பிவைத்தால் போய்ச் சேர்ந்துவிடுவான்.

நன்றாகத்தான் சொன்னாள். பொத்தான் கேட்டு முடித்துவிட்டு, "அவனுக்கு அம்மா இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

தைத்த சட்டை நடு முதுகில் கிழிந்தது.

அப்போது பிள்ளைகள் எல்லாரும் மூடிய கையைக் காதருகே கொண்டுபோனார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினெட்டுத் தலைகளும் ஒரே பக்கம், இடது பக்கம், கொஞ்சம் சாய்ந்தன. வெளியே குழாய் ஒன்று சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றான்?" என்று டீச்சர் கேட்டாள். தன் குரல் தனக்கே வேற்றாள் குரலாக இருந்தது.

"அம்மா நீங்கதானாம்" என்றாள் பொத்தான். "நீங்க சொல்றதுக்கு முன்னால அவன் எங்கயுமே இல்லையாம்."

அது உண்மை, சட்டை போடாத உண்மை. அவள் வலது உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து நீட்டினாள். "அப்படின்னா என்கிட்ட குடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒவ்வொருவராக வந்தார்கள். மூடிய கையை அவள் உள்ளங்கை மேல் கவிழ்த்து, மெதுவாகத் திறந்தார்கள். ஐந்து நாள் மூடியிருந்த கைகள். வெளுத்து, சுருங்கி, நகம் பதிந்த பிறைத் தழும்புகளோடு இருந்தன. புளித்த வாடை அடித்தது. கொடுத்துவிட்ட கையை உடனே ஆயா பிடித்துத் தொட்டிக்கு இழுத்தாள். "வாடா ராஜா, இப்ப விரலை விரி, இடுக்குல போடு, இடுக்குல." விரித்த கைகளின் மேல் தண்ணீர் விழுகிற சத்தமே வேறாக இருந்தது.

டீச்சர் தன் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பத்தாவது பிள்ளைக்கு அப்புறம் முழங்கை கடுத்தது. பதினைந்தாவதுக்கு அப்புறம் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் பொத்தான் நின்றாள். திறக்கவில்லை.

"நீங்க கழுவிடுவீங்களா?"

"கழுவுவேன்."

"செத்துடுவானா?"

"தண்ணியோட போவான். எங்க போவான்னு எனக்குத் தெரியாது தங்கம்." பதினெட்டு வருடத்தில் அந்த வகுப்பில் தெரியாது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா அவன் உன் கையில இருந்தா நீ மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போவ. இந்தத் தடவை திரும்பி வருவியான்னும் எனக்குத் தெரியாது."

பொத்தான் நெடுநேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய் ஒரு வார்த்தை சொன்னாள். திறந்தாள். உள்ளே ஒரு பிஸ்கட் துண்டு, ஓரம் வட்டமாகக் கடிபட்டிருந்தது. குழந்தைப் பல்லின் வட்டம்கூட இல்லை, அதைவிடப் பல மடங்கு சின்னது. ஆயா கண்ணை மூடிக்கொண்டு அதைக் குப்பைக்கூடையில் தட்டினாள்.

மாலை பேருந்தில் டீச்சர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கை கதவைத் திறந்து, "கையில என்னக்கா, சாவியா?" என்றாள். "பிள்ளைங்க குடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள்.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது ஓடியபடி இருக்க, கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். உள்ளங்கை சூடாக இருந்தது, ஒரு முட்டையைப் பிடித்திருப்பது போல. பிறகு பொத்தானின் நாற்பது நாளை நினைத்துக்கொண்டு விரித்தாள். சோப்பு போட்டாள், உள்ளங்கை, புறங்கை, இடுக்கு, நகம், கட்டைவிரல். சத்தமாக எண்ணினாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. குழாயை மூடினாள்.

தண்ணீர்த்துளை வழியாகத் தண்ணீர் சுழன்று இறங்கியது. கடைசிச் சொட்டு போன பிறகு, கீழே எங்கோ ஆழத்திலிருந்து, ரொம்பச் சின்னதாக, தெளிவாக ஒரு குரல், "இருபத்தொண்ணு" என்றது.

அதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை. ஆயாவிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பொத்தான் வந்தாள். வயிற்றுவலி சனிக்கிழமையே நின்றுவிட்டதாகத் தையற்காரி வாசலில் சொல்லி, டேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே வந்ததும் வராததுமாகப் பொத்தான் டீச்சரின் வலது கையை இழுத்து விரித்துப் பார்த்தாள்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"எது வரைக்கும் எண்ணினான்?"

டீச்சர் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "இருபத்தொண்ணு" என்றாள் கடைசியில். "நான் உங்களுக்கு அதை இன்னும் சொல்லியே குடுக்கலையே?"

"அவன்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தான்" என்றாள் பொத்தான். "இருபதுக்கு அப்புறமும் இருக்காம் டீச்சர். இருந்துக்கிட்டே போகுமாம்."

இடைவேளையில் தொட்டியடியில் ஆறு குழாய்களும் திறந்தன. எல்லாக் கைகளும் விரிந்திருந்தன. எண்ணிக்கை இருபதில் நிற்கவில்லை, எல்லாரும் ஒரே குரலில் இன்னொரு எண்ணும் சொல்லிவிட்டுத்தான் குழாயை மூடினார்கள். ஜன்னலில் நின்ற டீச்சர் அதைத் திருத்தவில்லை. ஒரு எண் கூடுதலாகக் கழுவினால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த வருடம் முடிகிற வரை பொத்தான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

டீச்சர் மட்டும் வீட்டில் இருபதோடு நிறுத்திக்கொள்வாள். குழாயை மூடிவிட்டு, இறங்கிய தோளை இன்னும் கொஞ்சம் சாய்த்து, தண்ணீர்த்துளைக்கு நேராகக் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். நேற்று கீழேயிருந்து முப்பத்தேழு வரை வந்திருந்தது.