தளைநார் இல்லாத பனையேற்றம்

ராதாபுரத்தில் உபாத்தியாயர் ஞானமுத்து வீட்டு மாட்டுக்கொட்டகைதான் எங்கள் சித்திரசாலை. பாளையங்கோட்டையிலிருந்து நானும் நண்பன் சேவியரும் வண்டி கட்டி வந்திருக்கிறோம். பனையேறும் தங்கையா கொட்டகைத் தூணைப் பனையாகப் பாவித்துக் கட்டிப்பிடித்து நிற்க, நண்பன் ஞானமுத்துவும் சேர்ந்து மூவரும் அவரை வரைகிறோம். பட்டணத்து வர்ணப்பெட்டி என்னிடம் மட்டுமே இருப்பது இதற்குள் வண்டிமாடுகளுக்கும் தெரியும்.

முடிந்ததும் தங்கையா பார்க்க வருகிறார். நண்பர்கள் தங்கள் படங்களில் அவரை மரத்தடியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள், பார்த்துச் சிரிக்கிறார். என் படத்தின் முன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. கலை ஒருவரை ஊமையாக்கிவிட்டதே என்று நான் அடக்கமாகத் தலைகுனிகிறேன்.

"ஐயா, கால்ல தளைநார் இல்லாம என்னைய உச்சிக்கு ஏத்திட்டியளே."

பாதங்களைப் பிணைக்கும் அந்த நார்வளையம் தூணைப் பிடித்து நின்றவருக்குத் தேவைப்படவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"படம்தானே, தங்கையா."

"படந்தான். ஆனா பொழுதடைய நான் மரம் ஏறணும்லா. பைய இறக்கி விட்டுருங்க."

தளைநாரை வரைந்து பார்க்கிறேன். காலில் பாம்பு சுற்றியதுபோல் வருகிறது. அவர் நகரவில்லை. வேறு வழியின்றிப் படத்தின் செம்மண் தரையை அவர் பாதம்வரை பூசி உயர்த்துகிறேன். பனை முழுவதும் புதைந்து மட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன.

ஞானமுத்து எட்டிப் பார்க்கிறான். "இது என்ன செடிவே?"

தங்கையா தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிளம்புகிறார். வாசலில் நின்று, மூன்று படங்களில் என்னுடையதை மட்டும் திரும்பிப் பார்க்கிறார், நான் மறுபடியும் ஏற்றிவிட்டேனா என்று.