ரப்பர் விரிப்புக்குக் கீழே

மெத்தைக்குள் அடைக்கும் தேங்காய்த் தும்பு நனைந்த வாடை எங்கேனும் எழுந்தால் என் இடது கெண்டைக்கால் முதலில் விழித்துக்கொள்கிறது, மூக்கு அப்புறம்தான். கொட்டகலைக்கு மேலே, எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வாடையின்மேல் கிடந்தேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். கானுக்குள் (தேயிலை மலையில் மழைநீர் ஓட வெட்டிய பள்ளம்) சறுக்கி விழுந்து கெண்டைச் சதை கல்லில் கிழிந்துவிட்டது. தைத்தார்கள். ஆறுவதுபோல் இருந்தது, மறுபடி சீழ் பிடித்தது. பெனிசிலின் (கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) போட்டால் காய்ச்சல் இறங்கும், நிறுத்தினால் ஏறும். மழை, மூடுபனி, மழை. கட்டைப் பிரிப்பதற்கும் கட்டுவதற்கும் நடுவில் கிடந்ததே நாள்.

"இப்படியே போனா கண்டிக்குத்தான் அனுப்பணும். அங்க முழங்காலுக்குக் கீழ எடுத்துருவாங்க," என்றார் டாக்டரையா. அவர் குரலிலும் களைப்பு.

பக்கத்துக் கட்டிலில் சுப்பையா அண்ணன், படுக்கைப்புண்ணோடு (ஒரே வாக்கில் கிடப்பதால் தோல் அழிந்து வரும் புண்) குப்புறக் கிடந்தார்.

"எடுத்தா எடுக்கட்டும் வாத்தியாரே. மிச்சமாகிற செருப்ப எனக்குக் குடுத்துருங்க."

"ஒத்தச் செருப்ப வச்சு என்ன செய்வீங்க?"

"கங்காணி மேல வீச ஒண்ணு போதாதா?"

சிரித்தேன். சிரிப்பும் காலில்தான் வலித்தது.

அக்கா பாக்கியம் கொழுந்து எடுத்து முடித்து, சாயங்காலம் வந்து என்னோடு தங்குவாள். சீழ் இறங்காமலிருக்க மெத்தைமேல் போட்ட ரப்பர் விரிப்பு சில்லிடுகிறதென்று முனகியிருந்தேன். அவள் அதை உருவிவிட்டு, மலையில் மழைக்குத் தலையில் போடும் தன் கம்பளியைக் காலுக்கடியில் விரிப்பாள். எங்கள் பெண்கள் குளிருக்கு அதைத்தான் நம்புவார்கள். அடுப்புக்கு மேலே காய்ந்தும் உள்ளே ஈரம் விடாத கம்பளி. விடியலில் ரப்பரைப் பழையபடி விரித்துவிட்டு, கம்பளியோடு வேலைக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் டாக்டரையா முந்தி வந்துவிட்டார். கம்பளியைத் தூக்கி, கிழிசல் விழுந்த மெத்தையைக் கட்டை விரலால் அழுத்தினார். பழுப்பாய் நீர் ஊறியது. என் சீழ், எனக்கு முன் கிடந்தவர்களின் சீழ்.

"தம்பி குளிருதுன்னு சொன்னான் ஐயா," என்றாள் அக்கா.

"மேல எவ்வளவு வேணுமோ போர்த்து தாயி. கீழ ரப்பர் இருக்கணும். பகல்ல நான் கழுவுற புண்ண ராத்திரி இந்த மெத்தை அழுக்காக்குது."

அக்கா வெகுநேரம் அந்தக் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தையைக் காயவைக்க வெயில் இல்லை. தேயிலை ஸ்டோரின் (கொழுந்தை வாட்டித் தூளாக்கும் ஆலை) சூட்டில் கொஞ்சம் இடம் கேட்டார் டாக்டரையா. தூளில் வாடை ஏறிவிடும் என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் மறுத்துவிட்டார். தும்பைப் பிடுங்கி எரித்தார்கள். வேறு மெத்தை வரும்வரை பலகையில் ரப்பர் விரித்து, மருந்துத் தண்ணீரால் துடைத்து, அதன்மேல் கிடந்தேன். முதுகு ஓய்ந்துபோயிற்று. சீழ் மெல்ல வற்றியது.

நோயாளியின் அருகில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டு வெள்ளையாக இருந்தால் போதாது. விரிப்பைத் தூக்கி மெத்தையை அழுத்திப் பாருங்கள். கிழிசலோ ஈரமோ தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கால் மிஞ்சியது. இரவல் வாங்கிய பொருள்போல அதைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன். முன்பு நேரம் எனக்கு முன்னால் ஓடியது. இப்போது என் பக்கத்தில் நொண்டி வருகிறது.

வீட்டுக்குப் புறப்பட்ட காலையில் சுப்பையா அண்ணன் இன்னும் குப்புறத்தான் கிடந்தார்.

"போயிட்டு வர்றேன் அண்ணே."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"வராதீங்க வாத்தியாரே. போறேன்னு சொல்லிட்டுப் போங்க."