வீட்டுப் படத்துக்கு ஒரு கண்ணாடி

சுவிட்சர்லாந்தின் வில் நகரத்தில், அம்மாவின் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிற அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், நான் இப்போது இடப்பக்கமாக ஓரடி தள்ளி நிற்க வேண்டும். நேரே நின்றால் அப்பா தெரியமாட்டார். என் முகம் தெரியும். எனக்குப் பின்னால் ஜன்னல் தெரியும். எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் யாரோ உலரப் போட்ட துவாய்கூடத் தெரியும். எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியம் அது. அதன் முன்னால் சாதாரணக் கண்ணாடி ஒன்றை வைத்து நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறது. இறுக்கியவர் வேறு யாருமில்லை, அந்த ஓவியத்தைத் தீட்டியவரேதான். தன் படம் எதற்கும் கண்ணாடி போடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த மனிதர். அங்கே போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு விசர்தான் வருகிறது.

நாங்கள் அவரை ஓவியர் மாமா என்போம். கமரூனில் பிறந்தவர். ஜெனீவாவுக்கு ஓவியம் படிக்க வந்து, நல்ல பெறுபேறோடு முடித்து, கடைசியில் டாவோஸில் ஒரு ஹோட்டலின் சமையலறைக்குக் கோப்பை கழுவ வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அப்பாவும் அங்கேதான் கோப்பை கழுவினார். ஒருவர் இயந்திரத்துக்குள் தட்டுகளை அடுக்க, மற்றவர் மறுபக்கம் ஆவியோடு எடுத்து வைப்பார். அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட, அவரும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்பாவை மச்சான் என்றார். இருவரும் கதைத்தது ஒரு சமையலறை ஜெர்மன். அப்பா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தமிழில் திருப்பிச் சொல்வதால், மாமா சொன்ன எல்லாமே என் நினைவில் தமிழிலேயே இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு ஓய்வு உண்டு. மற்றவர்கள் படுத்துக் கிடக்கிற அந்த நேரத்தில் மாமா ஊழியர் அறையில் படம் கீறுவார். உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அப்பாவை அதில் இருத்தினார். அப்பா சும்மா இருக்கிற ஆளா? முதல் நாளே வாயைத் திறந்துவிட்டார்.

"மச்சான், முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறடா. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்போணும்."

மாமா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளையா வேணுமெண்டால் சுவரைக் கீறித் தாறன். அதை அனுப்பு."

அன்றைக்கு அப்பாவுக்குக் கோபம். அடுத்த நாள் தானாகவே போய்ப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒருமுறை அம்மாவோடு போயிருந்தபோது பார்த்தேன், மாமா கறுப்பு நிறக் குழாயைத் திறக்கவே இல்லை. நீலத்தையும் சிவப்பையும் மண்நிறத்தையும் குழைத்துக் குழைத்து அப்பாவின் கன்னத்தைக் கொண்டுவந்தார். தாடை ஓரத்தில் பச்சைகூட இருந்தது. முடிந்ததும் அப்பா ஆசையாக, கண்ணாடி போட்டுத் தரும்படி கேட்டார். இன்றைக்குப் போலக் கேட்கிறது மாமா சொன்னது: "கண்ணாடி மட்டும் வேண்டாம். வெள்ளை முகத்துக்கு அது ஒண்டும் செய்யாது. எங்கடை நிறத்துக்கு முன்னாலை கண்ணாடி வைச்சால், பாக்க வாறவன் தன்ரை முகத்தைத்தான் பாத்திட்டுப் போவான்."

மாமா கேட்டதால், அவரும் அப்பாவுமாக அந்தப் படத்தை ஒரு போட்டிக்காக சூரிச்சுக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் போலீஸ்காரர் இருவர் ஏறினார்கள். அத்தனை பேரையும் தாண்டி நேரே இவர்கள் இருவரிடமும் வந்து கடதாசிகளைக் கேட்டார்கள், பிறகு துணி சுற்றிய படத்தைக் காட்டி இது யாருடையது என்றார்கள். நான் கீறியது என்று மாமா சொன்னார். அத்தாட்சி கேட்டார்கள். மாமா துணியை அவிழ்த்தார். படத்துக்குப் பக்கத்தில் அப்பா அதே மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை அப்பா ஆயிரம் தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மாமா ஒருதரமும் சிரித்து நான் பார்த்ததில்லை. போட்டியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. படத்தை அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

பிறகு நாங்கள் வில்லுக்கு இறங்கி வந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் மாமாவும் அங்கேயே வந்தார். பகலில் பொதி அடைக்கிற வேலை, மாலையில் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் படம். போர்த்துக்கேயச் சமையல்காரி, பஸ் ஓட்டுகிற எங்கள் ஊர் அண்ணை, கானா தேசத்துத் தாதி, மாமாவின் சொந்தத் தங்கை என்று எல்லாரும் அங்கே சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். ஆளுயரப் படங்கள். அந்தக் காலத்து மேயர்களையும் வங்கி முதலாளிகளையும் தீட்டுவார்களே, அந்த அளவு, அந்த நிற்பு.

யார் வாங்கினார்கள்? ஒரு காட்சிக்கூடக்காரர் வந்து, இதில் ஆபிரிக்கா எங்கே என்று கேட்டார். இன்னொருவர், நீங்கள் ஏன் தமிழர்களைத் தீட்டுகிறீர்கள், உங்கள் ஆட்களைத் தீட்டலாமே என்றார். படகு இருக்கிறதா, முள்ளுக்கம்பி இருக்கிறதா என்று ஒரு பெண்மணி ஆவலாகத் தேடினார். பிறநாட்டுச் சடங்குப் பொருட்களை வைத்திருக்கிற மியூசியம் ஒன்று இரண்டு தடவை அழைத்தது. இரண்டு தடவையும் மாமா மறுத்துவிட்டார். "அங்கை போனால் முகமூடியளுக்குப் பக்கத்திலை என்னையும் தொங்கவிடுவினம்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு எரிச்சல். கிடைக்கிற இடத்தில் முதலில் தொங்கட்டுமே என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஓவியங்கள் தொங்குகிற ஒரு கலைக்கூடத்தில், மற்ற ஓவியர்களின் படங்களோடு, தன் படமும் வெறும் ஓவியமாகத் தொங்க வேண்டும். அதற்காகத் தலை நரைக்கும்வரை காத்திருந்தார்.

அப்பா இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் முடிந்தபின் அம்மா மாமா தீட்டிய படத்தையே சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, முன்னால் விளக்கு வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் சந்தனத்தைக் குழைத்து அப்பாவின் நெற்றியில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். எந்தத் தமிழ் வீட்டில் இது இல்லை? போட்டோவென்றால் கண்ணாடியில் வைப்பது, அடுத்த கிழமை துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பது. இதில் கண்ணாடி இல்லை, விரல் நேரே துணியில் படுகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மா துடைப்பதையும் விட்டுவிட்டார், நிறம் கழன்று வந்துவிடும் என்று பயம். பொட்டின் மேல் பொட்டாக அது தடித்துக்கொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் ஊர் உலகமெல்லாம் கறுப்பு ஓவியர்களைத் தேடத் தொடங்கியது. பெரிய கலைக்கூடம் ஒன்றிலிருந்து கண்காட்சிப் பொறுப்பாளரான பெண்மணி மாமாவின் நிலக்கீழ் அறைக்கு வந்தார். பார்த்தார், அசந்துபோனார். தனிக் கண்காட்சி என்றார். பழைய புகைப்படமொன்றில் அப்பாவின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, நுழைவாயில் சுவருக்கு இதுதான் என்று முடிவே செய்துவிட்டார். மாமா எனக்கு போன் எடுத்தார். "உன்ரை கொப்பர் வாசல்லை நிக்கப் போறார்," என்றார். அவருடைய குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இருவரையும் நான்தான் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நெற்றியைப் பார்த்ததும் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கிட்டப் போய்ப் பார்த்தார். பழுதுபார்க்கிறவர்களிடம் கொடுத்தால் சுத்தமாக எடுத்துவிடலாம் என்று பெண்மணி சொல்ல, நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"என்ன, பொட்டை அழிக்கச் சொல்லுறாவோ?" அம்மாவின் குரல் ஏறிவிட்டது. "என்ரை நெத்தியிலை இல்லை. அவற்ரை நெத்தியிலை எண்டாலும் இருக்கட்டும். ஏலாதெண்டு சொல்லு."

சொன்னேன். பெண்மணி போய்விட்டார். சில நாளில் மாமாவையும் என்னையும் கலைக்கூடத்துக்கு அழைத்தார். புதிய யோசனையாம். படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பொட்டோடு. விளக்கையும் மாலையையும்கூடக் கொண்டுவரலாம், ஊதுபத்தி வாசனை வரச் செய்யலாம், அம்மாவின் குரலைப் பதிவுசெய்து மெல்லியதாக ஒலிக்க விடலாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. மாமா முழுக்கக் கேட்டார். பிறகு பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே பழைய காலத்துச் சுவிஸ் விவசாயி ஒருவரின் உருவப்படம் தொங்கியது.

"அவருக்கும் விளக்கு வைப்பீர்களா?"

அது வேறு விஷயம் என்றார் பெண்மணி. அப்படியென்றால் என் படம் வராது என்றார் மாமா. சுத்தம் செய்தால் வாசல் சுவர் உங்களுக்குத்தான், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் பெண்மணி.

அன்றிரவே அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மாமா எத்தனை காலமாக இதற்காகக் கிடந்தார் என்பதையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது, அம்மா ஈரத் துணியோடு படத்துக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, எனக்கு இந்த மியூசியக் கதையள் ஒண்டும் விளங்காது. நீங்கள் கீறின படம். நீங்கள் ஓமெண்டு சொன்னால் துடைக்கிறன். அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

நான் அதை ஜெர்மனில் சொன்னேன். சொல்லும்போது மனதுக்குள் கெஞ்சினேன். ஓமென்று சொல்லுங்கோ மாமா. ஒரேயொரு சொல். மாமா துணியைப் பார்த்தார், அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் அக்கா," என்றார். அந்த 'அக்கா' தமிழில்தான் வந்தது. அப்பாவிடம் கேட்டுப் பிடித்த சொல்லாயிருக்கும்.

கண்காட்சி நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் அல்ல. மேல் மாடியில், கழிப்பறைக்குப் போகும் நடைபாதையில், பாதிப் படங்கள் மட்டும். பத்திரிகை ஒன்று அவரை ஒத்துழைக்கத் தெரியாத கலைஞர் என்று எழுதியது. எனக்கு அந்தப் பெண்மணியில் கோபம். அம்மாவில் கோபம். எல்லாரையும்விட மாமாவில்தான் கோபம். முகமூடிக்குப் பக்கத்தில் தொங்கமாட்டேன் என்றீர்கள், சரி. விளக்கோடு தொங்கமாட்டேன் என்றீர்கள், அதுவும் சரி. துடைக்கக்கூட வேண்டாமென்றால் பிறகு எங்கேதான் தொங்குவது? இதை அவரிடமே கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு, உன் அம்மாவைக் கேள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள்தான் கண்ணாடியோடு வந்தார். கடையில் அளவுக்கு வெட்டுவித்து, பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கதிரையில் ஏறி, வயது போன கையால் ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் பட்டதும் அப்பா மறைந்துபோனார். வெளிச்சம் தெறிக்காத கண்ணாடி இருக்கிறதே, அதையாவது போட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

மாமா கீழே இறங்கிக் கையைத் துடைத்தார். "அது மியூசியத்துப் படத்துக்குப் போடுற கண்ணாடி பிள்ளை. இது வீட்டுப் படம்தானே."

அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். இனி ஒவ்வொரு வெள்ளியும் கண்ணாடியின் மேலேயே பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். போன வெள்ளிக்கிழமை நான் போனபோது சந்தனம் ஈரமாக இருந்தது. நேரே நின்று பார்த்தேன். அம்மா வைத்த பொட்டு என் நெற்றியில் இருந்தது, அப்பாவைக் காணவில்லை. நான் இடப்பக்கமாக ஓரடி தள்ளி நின்றேன்.