மாறன் பாடிய பிறர் பாட்டுகள்

மலேசியாவில், செரண்டாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கலும்பாங்கிலிருந்து மாறனின் மனைவி சாந்தி அழைத்தாள். "அண்ணே, அவரு போய்ட்டாருண்ணே," என்றாள். பதினாறு ஆண்டுகளாக ஒரு சொல்லும் பேச முடியாமல் இருந்தவன். அந்த நிமிடம் என் காதில் கேட்டதோ அவனுடைய இருபத்தைந்து வயதுக் குரல். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் கல்யாண விருந்துகளுக்குப் போனவர்களுக்கு அவனைத் தெரியாமல் இருக்காது. நாங்கள் நான்கு பேர் கொண்ட ராக் குழு. கிதார் என்ற பெயரில் நான் எதையோ வாசித்தேன். சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பிறர் பாடிப் பேர் வாங்கிய மலாய், ஆங்கில ராக் பாட்டுகள்தான். மாறனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டு உயிரை வாங்குவான். "யாருக்குப் பாடுறான்னு தெரியாம எப்டிடா பாடுறது?" என்பான். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் அவன் குரலைத் தாழ்த்துவான். பந்தியில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். அந்தக் குரலைக் கொண்டாடினேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

ஒரு விருந்தில் அவன் ஒரு மலாய்ப் பாட்டைப் பாடி முடித்ததும் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி மேடைக்கே வந்து அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "எம் மவன் இந்தப் பாட்ட இப்டித்தான் பாடுவான். அதே எடத்துலதான் மூச்சு வுடுவான். எங்கப்பா கத்துக்கிட்ட?" அவர் மகன் லோரி விபத்தில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மாறன் அந்தப் பையனைப் பார்த்ததே இல்லை. பிறகு சுங்கை பஞ்சாங்கில் நடந்த விருந்தில் ஒருவர் பாட்டின் நடுவிலேயே எழுந்து, "செத்துப்போன என் தம்பி மாரியே பாடுறியே, நிறுத்துலா!" என்று கைகூப்பினார்.

வேனில் திரும்பும்போது நாங்கள் கேலி செய்தோம். மாறன் சிரிக்கவில்லை. "அது மத்தவன் பாட்டுடா. நான் கொஞ்சம் நகந்து எடம் குடுக்குறேன். யாரு வந்து ஒக்காருறான்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றான். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்காரவே கொஞ்சநாள் பயந்தேன்.

தொண்டையில் வந்த கட்டி அவன் குரலை எடுத்துக்கொண்டு போனது. மகள் தர்ஷினி பிறந்தது அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த வருடம். எங்கள் ஒத்திகைக் கேசட்டுகளை எல்லாம் கைப்பேசியில் ஏற்றி ஒருநாள் அவனிடம் எடுத்துப் போனேன். அவன் தன் கைப்பேசியில் தட்டிக் காட்டினான்: "புள்ள இத கேக்கக் கூடாது. கேட்டா இப்ப இருக்குற அப்பன் அவளுக்குப் பத்தாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். முட்டாள்தனமான சத்தியம் என்று அப்போதே தெரியும்.

எட்டாம் நாள் படையலன்று தர்ஷினி என்னை ஓரங்கட்டினாள். "மாமா, அப்பா வாய்ஸ் எப்டி இருக்கும்? ஒருவாட்டிகூட கேட்டதில்ல. உங்ககிட்ட இருக்குதானே?"

"தேடிப் பாக்கணும்மா," என்று பொய் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை.

நடுவீட்டில் வாழையிலை. கஞ்சியைத் தவிர எதையும் விழுங்க முடியாதிருந்தவனுக்கு ஆட்டுக்கறி, கருவாடு, இரண்டு டின் கருப்பு பீர். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். சாத்துவதற்கு முன் ஒரு சின்ன ஸ்பீக்கரை இலைக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பழைய ஒத்திகைப் பதிவை ஓடவிட்டேன். அவனுக்காகத்தான் வைக்கிறேன், பிள்ளைக்காக இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உச்சி வெயில். வாசலில் இருபது பேர் நின்றோம். உள்ளே டிரம் அடித்தது, பிறகு அவன் பாடினான். சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தர்ஷினி கதவில் காதை வைத்தாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் மாறன் பேசினான். பதிவில் அப்படி ஒரு பேச்சு இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

"யாரும்மா அங்க? வெயில்ல நிக்காத, உள்ள வா."

"தொறக்காதம்மா, இன்னும் நேரம் ஆவல!" என்று பெரியவர் ஒருவர் கத்தினார். அவள் திறந்துவிட்டாள். நேராகப் போய் இலையின் எதிரே உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. "அப்பா கூப்ட்டாரு," என்று மட்டும் சொன்னாள்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணிக்குக் கட்டி, ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். நாங்கள் நால்வரும் உள்ளேதான் இருப்போம். அந்தப் பாட்டைப் பதிந்த அன்று வாசலில் யார் வந்தது என்று மற்ற இருவரையும் கேட்டுப் பார்த்தேன். எந்தப் பெண்ணும் அங்கே வந்ததே இல்லையே என்றார்கள்.

பாட்டுகளை எல்லாம் தர்ஷினியிடம் கொடுத்துவிட்டேன், மாறா. எனக்கென்று மிஞ்சியிருப்பது உடைந்த சத்தியம் ஒன்றுதான். அதற்கு நீ கோபித்துக்கொள்வாயோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் பிள்ளையைக் கூப்பிட்டது நீதானே.